ஓராள் கூடாரம்

எங்கள் தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அம்மை குத்துறவர் வர்றாரு" என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நிமிஷம் கதவு சாத்துகிற சத்தம் வீடு வீடாக ஓடும். அவர் அதற்கெல்லாம் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. சாத்திய கதவைப் பார்த்து, "சரிம்மா, சாயங்காலம் வரேன்" என்பார். சாயங்காலம் வருவார். மறுநாளும் வருவார். எந்த ஊருக்குப் போனாலும் வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே இருப்பார். ஆனால் யார் வீட்டிலும் படுக்க மாட்டார்.

அதுதான் அவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வருகிறது. ஐம்பதுக்குப் பக்கத்தில் வயசு, ஒல்லி உடம்பு, தோளில் தொங்கும் மருந்துப் பை. முதுகில் அவருடைய கூடாரம். சுருட்டிக் கட்டினால் ஒரு தலையணை அளவுதான் இருக்கும். பாகிஸ்தான் சண்டை முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துப் போட்ட சாமான்களை மெட்ராஸில் தெருவோரம் குவித்து விற்றார்களாம். "புதுச் செருப்பு வாங்கத்தான் போனேன்பா. அந்தக் காசுக்கு இது கிடைச்சுது. பழைய செருப்போட திரும்பி வந்துட்டேன்" என்பார். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். புரண்டால் துணி முகத்தில் இடிக்கும். உட்கார வேண்டுமானால் தலை குனிய வேண்டும். தெருப் பிள்ளைகள் அதை "நாய்க்குட்டி வூடு" என்று கேலி செய்வார்கள். "ஆமாண்டா, குரைச்சுக் காட்டட்டுமா?" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது பாலாற்று மணலில். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சைக்கிளில் போய், இல்லையென்று சொல்லக் கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணலில் கன்றுக்குட்டி படுத்த மாதிரி ஒரு காக்கித் துணி. அதிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. செத்த ஆளோ என்று பயந்து இறங்கிப் போனேன்.

"உயிரோடதான் இருக்கேன். வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மணலில் கூடார முளை எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். முளை நிற்காது, பிடுங்கிக்கொள்ளும் என்றார். முழங்கை நீளம் பனைமட்டையைக் கயிற்றில் கட்டி, குறுக்குவாட்டில் ஆழமாகப் புதைத்திருந்தார். தலைமாட்டில் இரண்டு விரல் அளவுக்குத் துணி திறந்திருந்தது. "இத மூடிட்டா நம்ம மூச்சே விடியக்காலம் தண்ணியா மேல சொட்டும்பா. அப்புறம் மழை பெய்யும்போது உள்ளேர்ந்து துணியத் தொடக்கூடாது. தொட்ட எடத்துல ஒழுக ஆரம்பிச்சுடும்." எனக்கு எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. ஆனாலும் என் எஸ்.எஸ்.எல்.சி.யையும் எங்கள் பட்டுத் தறியையும் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்டேன். என்னிடம் அன்றைக்கு அவ்வளவு பேசியவர் வேறு யாருமில்லை.

பாத்திரம் கழுவ அவர் ஊற்றுப் பக்கம் போனார். பருவம் தப்பிய மழை, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. நான் ஓடிப் போய்க் கூடாரத்துக் கயிறுகளையெல்லாம் என் பலம் கொண்டமட்டும் இழுத்து முடிந்தேன். பட்டுத் தறி வீட்டில் பிறந்தவன் வேறு என்ன செய்வான்? ஈரக்காற்று அடித்தால் பாவு, தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழை, தளரும். உடனே இழுத்து முறுக்கி வைக்க வேண்டும். நடக்கப் பழகும்போதே பார்த்த வேலை அது. கால் மணி நேரத்தில் 'டர்' என்று ஒரு சத்தம். கயிறு இழுத்த இழுப்பில் கூடாரத்தின் மேல்தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்துவிட்டது.

அவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "இன்னாப்பா பண்ணே?"

"மழை வந்துச்சு சார். இழுத்துக் கட்டினேன்."

பிரிந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "பட்டுக்காரன் புத்திய காட்டிட்டியே! இது பருத்திக் கயிறுப்பா. நனைஞ்சா சுருங்கும். மழை வந்தா தளத்தி விடணும். எஸ்ஸெல்சில இதச் சொல்லித் தரலையா?" அன்றிலிருந்து நான் அவருக்கு எஸ்ஸெல்சி.

கோணி ஊசியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "துணி நனைஞ்சுபோச்சே சார். இன்னைக்கு ஒருநாள் எங்க வீட்ல வந்து படுங்க, பிள்ளையார்பாளையந்தான்" என்றேன்.

ஊசி நின்றது. "வேணாம்பா. ரொம்ப வருஷம் முந்தி ஒரு ஊர்ல அம்மை கண்டு அம்மா எறங்கின வீட்டுக்குப் போயிட்டு, அடுத்த ஊர்ல ஒரு வீட்ல படுத்தேன். நல்ல சனங்க. கூழ் ஊத்தினாங்க. என் போர்வைய அவங்க பொண்ணு இழுத்துப் போத்திக்கினு தூங்கிடுச்சு. எடுக்க மனசு வரல. மூணு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் திரும்பப் போனேன். பொண்ணு இல்ல. அந்தம்மா எனக்கு மறுபடியும் கூழ் ஊத்தினாங்க. பாவம், அவங்களுக்குத் தெரியாது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இதுல ரெண்டாவது ஆளுக்கு எடமில்ல பாரு. அதுக்குத்தான் வாங்கினேன்."

பிறகு எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அவர் பின்னாலேயே போய் வேடிக்கை பார்ப்பேன். வேலையில்லாதவனுக்கு அதுவும் ஒரு வேலை. தெருவுக்குள் அவர் உச்சிவேளைக்குக் கொஞ்சம் முந்தித்தான் நுழைவார். மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடப்பார். அம்மா இறங்கிய வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காய்வதும் கடுகு வெடிப்பதும் அவளுக்கு ஆகாது. தெருவெல்லாம் கடுகும் கறிவேப்பிலையும் மணக்கும்போது மணக்காத வாசல் எது என்று அவர் மூக்கு சொல்லிவிடும். அங்கே நிற்பார். நோய் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார். "அம்மா வந்திருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

"நோய் இருக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு அது பொய்யே இல்லப்பா. வந்திருக்கிறது அவதான். கேக்கிற மாதிரி கேட்டா சொல்லுவாங்க" என்பார். சொன்னார்கள். நான் பார்த்திருக்கிறேன். அடித்துத் துரத்துகிற மாதிரி வந்தவர்கள்கூட அந்த ஒரு சொல்லில் தணிந்து, குழந்தைகளின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள்.

அந்தச் சித்திரையில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அண்ணனுக்கு மூன்று நாள் காய்ச்சல். திங்கட்கிழமை காலையில் முகத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. வேர்க்குரு என்றாள் அம்மா. வேர்க்குரு என்றே நாங்களும் சொல்லிக்கொண்டோம். சின்னப் பிள்ளையில் அம்மை குத்த வந்தபோதெல்லாம் அம்மா அவனைத் தறிக்குழிக்குள் உட்கார வைத்து மேலே துணி போட்டு மூடிவிடுவாளாம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்துக் குத்திவிட்டார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றிருந்தது. அடுத்த தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்க, பக்கத்துத் தெரு அக்கா திங்களும் செவ்வாயும் வந்து அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய் சாயங்காலம் அண்ணன் உள்ளங்கையிலும் முத்து போட்டுவிட்டது. அம்மா வேப்பிலையைப் பின்கட்டில் செருகினாள், தெருவுக்குத் தெரியாதபடி.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா ஊருக்கு வெளிய கொட்டாயிக்குத் தூக்கிக்கினு போயிடுவாங்க. போனவங்கள்ல எவன் திரும்பி வந்தான்?" என்றாள் என்னிடம். அண்ணிக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவள் தூணோடு சாய்ந்து பிள்ளையை மார்பில் அணைத்தபடி நின்றாள்.

புதன்கிழமை உச்சியில் அவர் எங்கள் வாசலில் நின்றார். நான்தான் கதவை ஒருக்களித்துத் திறந்தேன்.

"எஸ்ஸெல்சி, இது உன் வூடா? அம்மா வந்திருக்காங்களா?"

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. சத்தியம் பேச வேண்டும் என்று படித்தவன். அதனால் ஒரு சாமர்த்தியம் செய்தேன். "அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்காங்க சார்" என்றேன். அம்மா நிஜமாகவே ரேஷன் கடைக்குத்தான் போயிருந்தாள்.

அவர் நகரவில்லை. குரல் தாழ்ந்தது. "நான் எந்த அம்மாவக் கேக்கறேன்னு உனக்குத் தெரியும்பா. உள்ள கைக்குழந்தை இருக்குது, அழற சத்தம் கேக்குது. முத்து கண்ட நாள்லேர்ந்து மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு நாள். அதுக்குள்ள குத்திட்டா பொழைச்சுக்கும்."

"அம்மா வந்ததும் சொல்றேன் சார்" என்று கதவைச் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் தெருக்கோடிக் கிணற்றுப் பக்கம் கூடாரம் முளைத்துவிட்டது. சரியாக எங்கள் வாசலைப் பார்த்த மாதிரி. பாவு நீட்டுகிறவர்களுக்குத் தெரு முழுக்க வேண்டும். வியாழன் காலை அவர்கள் வருவதற்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். பாவு எடுத்ததும் மறுபடி விரித்தார். "இன்னா சார், தெருவ உங்க பேர்ல பட்டா போட்டுக்கினீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். "ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத்தான்பா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் எங்கள் வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சி நெருங்க நெருங்க நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். கடுகு வாசனைக்காகத்தான் காத்திருக்கிறார்.

அம்மா தாளிக்க மாட்டாள். அண்ணி தாளிக்க மாட்டாள். படித்தவன் நான், எனக்குச் சாமி பயம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரும்புக் கரண்டியில் எண்ணெய் ஊற்றிக் காய வைத்து, கடுகைப் போட்டு, அது வெடிக்க வெடிக்க வாசல்நடைக்குக் கொண்டுவந்து பிடித்தேன். குழம்பு இல்லை, ரசம் இல்லை. வெறும் கரண்டி. புகை கண்ணைக் கரித்தது. பின்கட்டில் அண்ணன் கமறி இருமினான். இருமும்போது வாய்க்குள்ளிருந்த புண்ணெல்லாம் வலித்ததோ என்னவோ, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

திரும்பினால் அண்ணி நிற்கிறாள்.

"இன்னா தம்பி பண்ணிக்கினு இருக்கீங்க?"

கரண்டியை இறக்கிக் கீழே வைத்தேன்.

"நீங்க படிச்சவரு. எது சரின்னு உங்களுக்குத் தெரியும், நேரம் பார்த்து நீங்க சொல்லுவீங்கன்னுதான் ரெண்டு நாளா உங்க வாயையே பார்த்துக்கினு இருந்தேன்" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டாள். கதவை முழுக்கத் திறந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரைக் கேட்காமல் வாசற்படி தாண்டாதவள், பட்டப்பகலில் தெரு பார்க்க நேராக நடந்து போய்க் கூடாரத்து வாயில் உட்கார்ந்தாள்.

"அம்மா வந்திருக்காங்கண்ணா. என் பிள்ளைக்குக் குத்துங்க."

அவர் பையைத் திறந்தார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஊசியைக் காட்டி ஆற வைத்தார். பிள்ளையின் கையில் ஒரு சொட்டு மருந்து விட்டு, ஊசி முனையிலிருந்த முள் வட்டத்தை வைத்துத் திருகினார். பிறகு அண்ணிக்கு. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "முத்து என்னைக்குத் தெரிஞ்சுதுப்பா?"

நேற்று என்னிடம் கேட்டவர். திங்கட்கிழமை என்று சொன்னால் நேற்று நான் சொன்னது என்னவென்று ஆகும்? "நேத்து சார். நீங்க வந்துட்டுப் போனப்புறம்" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே பிள்ளை அழுதது, அவள் குனிந்துகொண்டாள்.

"நேத்துலேர்ந்து வீட்டுக்கு யாரு வந்தது?"

"யாரும் வரல சார்." அது உண்மைதான். நேற்றிலிருந்து யாரும் வரவில்லை.

அம்மா தெருவில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அண்ணி இனி படியேறக் கூடாது என்றாள். "ஏற வேணாம். பிள்ளை இனிமே அந்த வூட்டு மூச்சுல இருக்கக்கூடாது" என்றார் அவர். அண்ணிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அவர் தன் கூடாரத்துக்குள்ளிருந்த போர்வையையும் லோட்டாவையும் எடுத்து வெளியே வைத்தார். "உள்ள போம்மா. தலைமாட்டுல ரெண்டு விரல் தொறந்திருக்கட்டும்."

இரண்டாவது ஆளுக்கு இடமில்லாத அந்தத் துணிக்குள் அவளும் பிள்ளையும் எட்டு நாள் இருந்தார்கள். அவர் கிணற்று மேடையில் வெறும் தரையில் படுத்தார். பகலெல்லாம் தெருத் தெருவாகப் போய்க் கெஞ்சிக் கொஞ்சிக் குத்திவிட்டு வருவார். பக்கத்துத் தெருவிலும் போய்க் கேட்டார். வெள்ளிக்கிழமை ஆகட்டும், அமாவாசை கழியட்டும் என்றார்கள். அங்கே போய் முகாம் போட அவரிடம் கூடாரம் இல்லை. அவசரப்படுத்தக் காரணமும் இல்லை. காரணத்தை நான் விழுங்கி வைத்திருந்தேன். ஏழாம் நாள் பிள்ளையின் கையில் ஊசி குத்திய இடம் நன்றாக எழும்பியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நம்பி, எல்லாம் சரியாகப் போய்விடும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

அதற்கு அடுத்த நாள் அண்ணன் போய்விட்டான்.

தூக்க நாலு பேர் வரவில்லை. கைவண்டியில் வைத்து நானும் அவரும்தான் தள்ளிக்கொண்டு போனோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து தன் பதிவு நோட்டை என்னிடம் நீட்டினார். "நீ எழுதுப்பா. எனக்குக் கை வரல." பேர், வயசு, தெரு எழுதினேன். அடுத்த கட்டம், முத்து தெரிந்த நாள். பேனா நின்றது. பக்கத்தில் அண்ணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன அண்ணனைப் பற்றியும் பொய் எழுதுவதா என்று இருந்தது. திங்கட்கிழமைத் தேதியை எழுதினேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அன்னைக்கு, நேத்துதான்னு சொன்னியே."

"பயந்துட்டேன் சார்."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான் சார். முதல்நாள் ஏமாத்தினது தெரிஞ்சுடும்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதற்குக்கூட நேரமில்லாத மாதிரி ஒரு முகம். "திங்களும் செவ்வாயும் உள்ள யாரு வந்தது?"

"பாவு பிணைக்கிற அக்கா. பக்கத்துத் தெரு."

"ஒண்டியா வந்தாங்களா?"

"பிள்ளைங்களக் கூட்டிக்கினு வந்தாங்க. மூணு பிள்ளைங்க."

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. செவ்வாய், புதன் என்று தொடங்கி ஒரு கை முடிந்து மறு கை முடிந்து, பதினொன்றில் கட்டைவிரல் நின்றது. அவர் சொன்ன நாலு நாள் எப்போதோ தாண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். செருப்புகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டு வாசலில் மூச்சிறைக்க நின்று என்னை முன்னால் தள்ளினார். "நீ சொல்லு. நான் சொன்னா கதவச் சாத்திடுவாங்க."

அக்கா வெளியே வந்தாள். அவள் விரல் நுனிகளில் பாவு முறுக்கப் பூசுகிற சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. "இன்னா தம்பி, அண்ணன் காரியம்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த அன்பு என்னைக் கொன்றது.

"அக்கா, நீங்க வேலைக்கு வந்த ரெண்டு நாளும் எங்க அண்ணனுக்கு அம்மா எறங்கியிருந்தா. எனக்குத் தெரியும். நான் மறைச்சுட்டேன்."

அவள் விரல் சாம்பலை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு புரிந்தது. "படிச்சவன்தானேடா நீ?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே ஓடினாள். பெரியவளை இழுத்து வந்து என் முன்னால் உட்கார வைத்தாள். நான் கையைப் பிடித்துக்கொள்ள அவர் குத்தினார். இரண்டாவது பிள்ளை முரண்டு பிடித்தது, அதையும் பிடித்தேன். மூன்றாவது பையனை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று வயசு இருக்கும். அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. தலை அவள் தோளில் தொய்ந்து கிடந்தது.

அவன் கையைப் பிடித்தேன். கொதித்தது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார்.

"கைய விட்டுடாதப்பா" என்றார்.